நைட்ரேட் குறைந்த மாதத்தில் பிளாங்டன் கூடுகிறது, எப்படி?

கழிமுகத்து மாணவி:

அனைவருக்கும் வணக்கம். ஆய்வுப் படிப்புக்காக ஒரு கழிமுகத்திலும் அதை ஒட்டிய கடலிலும் மாதம் ஒருமுறை நீர் எடுத்து வருகிறேன். ஆற்று வாய்க்குச் சற்று உள்ளே ஓர் இடம், வாயிலேயே ஓர் இடம், வெளியே பத்து மீட்டர் ஆழத்தில் ஓர் இடம். வெப்பநிலை, உப்புத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், பிளாங்டனின் அளவைக் காட்டும் பச்சையமான குளோரோஃபில் எல்லாம் அளக்கிறேன். 20 மைக்ரான் வலையை இழுத்து, அதில் சேர்வதை நுண்ணோக்கியில் எண்ணுகிறேன். ஓராண்டுத் தரவு கையில் இருக்கிறது.

சத்துகள் கூடினால் தாவர பிளாங்டன் (நீரில் மிதக்கும் நுண்பாசிகள்) கூடும் என்றுதான் பாடத்தில் படித்தேன். என் அட்டவணை நேர் எதிராக நிற்கிறது. வெள்ளம் வந்த மாதத்தில் நைட்ரேட் லிட்டருக்கு 20 மைக்ரோமோலைத் தாண்டியது. குளோரோஃபில் 1 மைக்ரோகிராம்கூடத் தேறவில்லை. மழை ஓய்ந்த பிறகு எடுத்த மாதிரியில் குளோரோஃபில் 9, நைட்ரேட் அரை மைக்ரோமோல். எல்லா மாதங்களையும் சேர்த்துத் தொடர்புக் கெழு போட்டால் இரண்டுக்கும் எதிர்மறை உறவு வருகிறது. இதை வைத்து என்ன எழுதுவது? நைட்ரேட் பிளாங்டனைத் தடுக்கிறது என்றா?

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே நாளில் இரண்டு இடங்களில் குளோரோஃபில் ஏறக்குறைய ஒரே அளவு. ஓரிடத்து வலையில் ஸ்கெலிடோனிமா, கீட்டோசெராஸ் என்ற டயாட்டங்கள் (கண்ணாடி ஓடுள்ள நுண்பாசிகள்) சங்கிலி சங்கிலியாகக் கிடந்தன. மற்ற இடத்து வலையில் எண்ணுவதற்கே ஆள் இல்லை. அப்படியானால் அந்தக் குளோரோஃபில் யாருடையது?

வழிகாட்டி கேட்பது ஒன்றே ஒன்று: "இங்கே பிளாங்டனைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணி எது, ஒரு பெயர் சொல்." தெரிந்தவர்கள் உதவுங்கள்.

தெற்குக்காற்று:

வெப்பநிலையைப் பாருங்கள். 1972இல் எப்லி என்ற ஆய்வாளர் போட்டுக் காட்டிய கோடு இருக்கிறதே, 10 டிகிரி கூடினால் தாவர பிளாங்டனின் அதிகபட்ச வளர்ச்சி வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மழைக்காலத்தில் நீர் குளிரும், அதனால் குறைவு. மழை நின்றால் சூடேறும், அதனால் பெருக்கம். எளிமையான விளக்கம் இருக்கும்போது சுற்றி வளைப்பானேன்?

உப்புக்கோடு:

எப்லியின் கோட்டில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது உச்ச வரம்பைக் காட்டும் கோடு. இந்த வெப்பநிலையில் அதிகபட்சம் இவ்வளவு வேகமாகப் பெருகலாம் என்று மட்டுமே சொல்லும். உங்கள் வாளியில் இருக்கும் செல் அந்த வேகத்தின் அருகிலாவது இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ஆண்டு முழுக்க நான்கைந்து டிகிரிக்குள் ஏறி இறங்கும் நீரில், எப்லி கணக்குப்படி வேகம் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் மாறும். குளோரோஃபில் ஒன்பது மடங்கு மாறியதற்கு அது போதாது.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நீண்ட பதில், பொறுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் கழிமுக நீரை நுண்ணோக்கியில் பார்த்தே பிழைத்தவன். இந்த எதிர்மறைக் கெழுவைப் பார்த்துத் திகைத்து நின்ற மாணவர்கள் எனக்குப் புதிதல்ல.

நீங்கள் அளந்தது, தண்ணீருக்கு வந்த நைட்ரேட் அல்ல. பிளாங்டன் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது. வங்கிக் கணக்கில் மாதக் கடைசியில் கிடக்கும் மீதியைப் பார்த்து ஒருவருடைய சம்பளத்தைச் சொல்ல முடியாதல்லவா? செலவாகிப் போனதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. பிளாங்டன் உடலின் சராசரிச் சேர்க்கையைச் சொல்லும் ரெட்ஃபீல்டு விகிதப்படி 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ். அப்படியென்றால் ஒரு மைக்ரோமோல் நைட்ரஜனோடு 6.6 மைக்ரோமோல் கார்பன் சேரும். எடையில் சுமார் 79 மைக்ரோகிராம். செல்லில் குளோரோஃபிலைப் போல 50 முதல் 80 மடங்கு கார்பன் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மைக்ரோமோல் நைட்ரஜனுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மைக்ரோகிராம் குளோரோஃபில் கிடைக்கும். உங்கள் 9 மைக்ரோகிராம் குளோரோஃபிலுக்குள் ஆறு முதல் ஒன்பது மைக்ரோமோல் நைட்ரஜன் அடைந்து கிடக்கிறது. தண்ணீரில் அரை மைக்ரோமோல்தான் மிஞ்சியது என்றால், நைட்ரேட் ஏழை நீரில் பிளாங்டன் பெருகியது என்று பொருளல்ல. பெருகிய பிளாங்டன் நீரை ஏழையாக்கிவிட்டது. அம்புக்குறி எதிர்ப்பக்கம் போகிறது.

சரி, வெள்ள மாதத்தில் 20 மைக்ரோமோல் இருந்தும் ஏன் யாரும் அதைத் தொடவில்லை? இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன, இரண்டுமே உங்கள் அட்டவணையில் இல்லாத நெடுவரிசைகள்.

முதலாவது வெளிச்சம். நீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு இறக்கினீர்களா? (1865இல் அதைக் கடலில் இறக்கிப் பார்த்த ஆஞ்செலோ செக்கி ஒரு பாதிரியார், தொழில்முறை வானியலாளர். சூரியனையும் விண்மீன்களையும் ஆராய்ந்தவர் பெயரை நாம் ஒரு வெள்ளைத் தட்டோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறோம்.) கலங்கிய வெள்ள நீரில் தட்டு முப்பது சென்டிமீட்டரில் மறைந்தால், மேற்பரப்பு ஒளியில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் எட்டும் ஆழம், அதன் இரண்டிலிருந்து மூன்று மடங்கு, ஒரு மீட்டருக்கும் குறைவு. அங்கே ஆழம் ஐந்து மீட்டர், நீர் மேலிருந்து கீழ்வரை கலக்கிக்கொண்டே இருக்கிறது என்றால், ஒரு செல் தன் நாளில் ஐந்தில் நான்கு பங்கை இருட்டில் கழிக்கிறது. ஒளி கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் சேர்த்ததைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். 1953இல் ஸ்வெர்ட்ரப் ஆழ்கடலின் வசந்தகாலப் பெருக்கத்துக்குச் சொன்ன வாதம் இது. கலங்கிய கழிமுகத்தில் அதே கணக்கு ஐந்து மீட்டருக்குள் நடந்துவிடுகிறது.

இரண்டாவது, நீர் அங்கே எத்தனை நாள் தங்குகிறது என்பது. நல்ல ஒளியும் சத்தும் கிடைத்த டயாட்டம் நாளுக்கு ஒருமுறையோ அதற்குச் சற்று மேலோ பிரியும். வெள்ளத்தில் கழிமுகத்து நீர் முழுவதும் ஒரே நாளில் வெளியேறுகிறது என்றால், பிறந்த செல்லும் அதோடு போய்விடும். பெருகும் வேகம் வெளியேறும் வேகத்தை முந்தினால்தான் எண்ணிக்கை ஏறும். வெள்ள நாளில் உள்ளே பிளாங்டன் இல்லாமல், சில நாள் கழித்து, வெளியே நன்னீரும் உப்பு நீரும் சந்திக்கும் விளிம்பில் பச்சை தட்டுவது இதனால்தான். சேறு படிந்து ஒளி ஊடுருவுகிறது, லேசான நன்னீர் மேலே தங்கிச் செல்களைக் கீழே போக விடாமல் பிடித்துக்கொள்கிறது, ஆறு கொண்டுவந்த சத்தும் அங்கேயே இருக்கிறது. மூன்றும் ஒன்றுசேரும் இடமும் நாளும் மாறிக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை போகிறவருக்கு அது கண்ணில் படுவது அதிர்ஷ்டம்.

மழை ஓய்ந்த பிறகு நீங்கள் பார்த்த 9, பெரும்பாலும் அந்தக் கட்டம்தான்.

அப்புறம் யார் முதலில் வருவார்கள் என்ற விஷயம். கலக்கமும் சத்தும் மிகுந்த நீரில் டயாட்டம்தான் முந்தும். வேகமாகப் பிரியும், ஆனால் கண்ணாடி ஓடு கனமானது, நீந்தத் தெரியாது. கலக்கம் அடங்கினால் மூழ்கிவிடும். அமைதியான, அடுக்காகப் பிரிந்த, சத்து வற்றிய நீரில், கசையால் நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட்டுகளுக்கு வாய்ப்பு. மணிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு நீந்தக்கூடியவை உண்டு. பகலில் மேலே ஒளியும் இரவில் கீழே சத்துமாகப் பிழைத்துக்கொள்ளும். ரமோன் மார்கலெஃப் 1978இல் இந்த இரண்டு அச்சுகளையும், கலக்கம் ஒன்று சத்து ஒன்று, குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு ஒரு படம் வரைந்தார். அதில் செந்நீர்ப் பெருக்கம் (கடலே சிவக்கும் அளவுக்குப் பிளாங்டன் பெருகுவது) வந்து உட்காரும் மூலை எது தெரியுமா? சத்து அதிகம், கலக்கம் குறைவு. கழிவு கலக்கும் மூடிய வளைகுடாக்களை நினைத்துப் பாருங்கள். அந்தப் படத்துக்கு விதிவிலக்குகள் ஏராளம்; ஆனாலும் ஒரு மாதிரியைப் பார்த்ததும் நான் முதலில் கேட்பது இன்றும் "காற்று எப்படி இருந்தது?" என்பதுதான்.

சிலிகேட்டை அளந்து வைத்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பலர் அதை விட்டுவிடுவார்கள். டயாட்டம் சிலிக்கானையும் நைட்ரஜனையும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று எடுக்கும். ஆற்றிலிருந்து வரும் நைட்ரஜன் உரத்தாலும் கழிவாலும் கூடுகிறது. சிலிக்கான் பாறை கரைந்து வருவது, மனிதர் அதைக் கூட்டுவதில்லை, அணை கட்டிக் குறைக்கத்தான் செய்கிறோம். டானூப் ஆற்றில் 1970களின் தொடக்கத்தில் இரும்புவாயில் அணை வந்தது. அதற்குப் பிறகு கருங்கடலில் சிலிகேட் குறைந்து, டயாட்டம் அல்லாதவற்றின் பெருக்கங்கள் கூடின என்று 1997இல் எழுதினார்கள். அணை மட்டும்தான் காரணமா, மேல்நிலை ஏரிகளிலும் தேங்கியதா என்று பிறகு விவாதம் நடந்தது. அதே காலத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் அங்கே ஏறியதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்படியானாலும் விகிதம் மாறியது, கூட்டமும் மாறியது. உங்கள் தரவில் மாதவாரியாகச் சிலிகேட்டை நைட்ரேட்டால் வகுத்துப் பாருங்கள். ஒன்றுக்குக் கீழே போகும் மாதங்களில் வலையில் டயாட்டத்தின் பங்கு என்ன என்று பாருங்கள். மீந்ததை வகுக்கிறோம் என்ற எச்சரிக்கை இங்கேயும் உண்டு.

வெறும் வலையும் நிறைந்த குளோரோஃபிலும்: இது எளிது. உங்கள் வலைக் கண் 20 மைக்ரான். சினெகோகாக்கஸ் என்ற நுண்ணுயிர் ஒரு மைக்ரான் அளவு. சிறிய கசையுயிரிகள் இரண்டிலிருந்து பத்து மைக்ரான். எல்லாம் வலை வழியே போய்விட்டன. குளோரோஃபிலுக்கு நீங்கள் வடிகட்டிய கண்ணாடி இழைத் தாளின் துளை 0.7 மைக்ரானாக இருக்கும். அது எல்லோரையும் பிடித்துவிட்டது. இரண்டு கருவிகளும் வேறு வேறு கூட்டத்தைப் பார்த்திருக்கின்றன. உலகக் கடல்களில் எண்ணிக்கையில் முதலிடம் வகிக்கும் புரோகுளோரோகாக்கஸ் 1988 வரை அறிவியலுக்கே தெரியாமல் இருந்தது, அவ்வளவு சிறியது. அடுத்த முறை வலையோடு ஒரு புட்டி முழு நீரும் எடுங்கள். செல்களைக் கெடாமல் வைக்கும் லூகால் கரைசல் சேர்த்துப் படியவிட்டு எண்ணுங்கள். குளோரோஃபிலை 20 மைக்ரான் சல்லடையில் ஊற்றி வந்த நீருக்கும் தனியாக ஒருமுறை அளந்தால், சிறியவர்களின் பங்கு எவ்வளவு என்று நேரடியாகத் தெரிந்துவிடும். செலவும் அதிகமில்லை.

கழிமுகத்து மாணவி:

மிக்க நன்றி சார். வகுத்துப் பார்த்தேன். வறண்ட காலத்து இரண்டு மாதங்களில் வாய்க்கு வெளியே சிலிகேட் நைட்ரேட்டைவிடக் குறைவு. அந்த இரண்டிலும் செரேஷியம் என்ற டைனோஃபிளாஜெல்லேட் வகைகள் கூடியிருக்கின்றன, டயாட்டம் பின்வாங்கியிருக்கிறது. செக்கி தட்டு அளவு களக் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆய்வு அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு மாதம் இன்னும் பிடிபடவில்லை. நீர் தெளிவு, வெள்ளம் இல்லை, நைட்ரேட் 8, பாஸ்பேட்டும் சிலிகேட்டும் தாராளம். குளோரோஃபில் 1.5தான். ஒளி இருக்கிறது, சத்து இருக்கிறது, ஆள் இல்லை.

உப்புக்கோடு:

தின்கிறவர்களைக் கேளுங்கள். இதுவரை நாம் கீழேயிருந்து மேலே, அதாவது ஒளி, சத்து பக்கத்திலிருந்து மட்டும் பேசினோம்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கதை இதற்கு நல்ல பாடம். சத்து மிகுந்த நீர்தான், ஆனால் தென்பகுதியில் பல ஆண்டுகள் வசந்தகாலப் பெருக்கம் ஒன்றைத் தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லை. கலங்கல் ஒரு காரணம், அடியில் இருந்த மட்டிகள் நீரை வடிகட்டித் தின்றது இன்னொரு காரணம். 1999க்குப் பிறகு வெளியே பசிபிக்கில் நீர் குளிர்ந்து ஆழ்நீர் எழுச்சி வலுத்தது. தட்டை மீன்களும் நண்டும் இறாலும் வளைகுடாவுக்குள் பெருகின. அவை மட்டிகளைத் தின்றன. மட்டி குறைந்ததும் இலையுதிர் காலத்தில் புதிதாகப் பிளாங்டன் பெருக்கம் தொடங்கியது. வளைகுடாவுக்குள் வரும் சத்தை யாரும் கூட்டவில்லை. அதே வளைகுடாவின் வடக்கே நேர் எதிராக நடந்தது: 1986இல் ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு சிறு மட்டி பெருகியதும் கோடைப் பெருக்கம் காணாமல் போனது. சத்தின் அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் விளக்கவே முடியாது.

உங்கள் இடத்தில் அடியில் என்ன இருக்கிறது? மட்டிப் படுகையா, மணலா? ஆழம் குறைந்த இடத்தில் அடிவாழ் உயிர்களுக்கு முழு நீரும் கைக்கெட்டும் தூரம். நீர் அடுக்காகப் பிரிந்தால் மேலே இருக்கும் செல்கள் தப்பிக்கும்; கலந்தால் மாட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் நீர் நன்றாகக் கலக்கும், அஷ்டமியை ஒட்டிய சிறிய ஓதத்தில் அடுக்கு நிலைக்கும். நான் சொன்ன அந்தத் தென்வளைகுடாவின் வசந்தப் பெருக்கமே சிறிய ஓத நாட்களில்தான் தலைதூக்கும். நீங்கள் எந்த ஓதத்தில் போனீர்கள் என்று மாதவாரியாக எழுதிப் பாருங்கள். நான் பந்தயம் கட்டுவதாக இருந்தால் இதில்தான் கட்டுவேன்.

இன்னொரு தின்னி, வலையில் அகப்படாத சிலியேட்டுகளும் (நுண்மயிர்களால் நீந்தும் ஒருசெல் உயிரிகள்) நிறமற்ற டைனோஃபிளாஜெல்லேட்டுகளும். தாவர பிளாங்டனின் ஒரு நாள் உற்பத்தியில் சராசரியாகப் பாதிக்கு மேல் இவைதான் தின்கின்றன. பாடங்களில் கோப்பிபாடுக்கு (இறால் இனத்துச் சிறு விலங்கு பிளாங்டன்) கிடைக்கும் மரியாதை இவற்றுக்குக் கிடைப்பதில்லை. இவையும் நாளுக்கு ஒருமுறை பிரியக்கூடியவை என்பதால் சிறிய செல்கள் தலைதூக்கும்போதே கூடப் பெருகி அமுக்கிவிடும். பெரிய சங்கிலி டயாட்டம் இவற்றில் பலவற்றின் வாய்க்கு அடங்காது. அதைத் தின்ன வேண்டிய கோப்பிபாடு முட்டையிலிருந்து வளர்ந்து வர வெப்ப நீரிலேயே இரண்டு வாரம் போலாகும். அந்த இடைவெளியில்தான் டயாட்டம் ஏறுகிறது. குளோரோஃபிலும் விலங்கு பிளாங்டனும் ஒரே மாதத்தில் சேர்ந்து உயரவில்லை என்று யாராவது வருத்தப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆமைத்தீவு:

விலங்கு பிளாங்டன் எண்ணுபவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். விலங்கு பிளாங்டனுக்கு மாணவி 200 மைக்ரான் வலை போட்டிருந்தால் ஆய்தோனா என்ற சிறு கோப்பிபாடும் மற்ற கோப்பிபாடுகளின் இளம்பருவங்களும் தப்பியிருக்கும், 100க்குப் பக்கத்தில் போனால்தான் நிற்கும். பகல் பத்து மணிக்கு மேற்பரப்பில் இழுத்துவிட்டு "விலங்கு பிளாங்டன் குறைவு" என்று எழுதுவதும் நிறைய நடக்கிறது. பகலில் பல வகைகள் அடியை ஒட்டி இறங்கியிருக்கும். மீன் கண்ணில் படாமலிருக்கத்தான்.

உப்புத்தன்மை பற்றி யாரும் பேசவில்லையே? ஆற்று வாயில் எண்ணும்போது ஓடு மட்டும் இருக்கிறதா, உள்ளே பச்சையம் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் ஆற்று டயாட்டங்கள் கடலுக்கு வந்து, உப்பு பட்டதும் செத்துவிடும். கண்ணாடி ஓடு அப்படியே மிதக்கும். அதையும் எண்ணினால் வெள்ள மாதத்தில் இனங்களின் எண்ணிக்கை அமோகமாகத் தெரியும். "மழைக்காலத்தில் பன்மை அதிகம்" என்று முடிவு எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருந்ததில்லை.

உப்புக்கோடு:

ஆமைத்தீவு சொன்ன காலி ஓடு விஷயம் முக்கியம். உப்புத்தன்மைக்கு இரண்டு வேலைகள் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, யார் உயிரோடிருக்கலாம் என்று வடிகட்டுவது. மற்றொன்று, இந்த நீர் எங்கிருந்து வந்தது என்று காட்டுவது. உப்பு 12 உள்ள நீரில் நைட்ரேட் அதிகம் என்றால் உப்பு குறைந்ததால் நைட்ரேட் ஏறவில்லை. இரண்டையும் ஆறு கொண்டுவந்தது. நைட்ரேட்டை உப்புத்தன்மைக்கு எதிராகப் புள்ளியிட்டுப் பாருங்கள். வெறும் கலப்பு மட்டும் நடந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோட்டுக்குக் கீழே தொங்கும் புள்ளிகளில் யாரோ நைட்ரேட்டை எடுத்திருக்கிறார்கள். தொடர்புக் கெழுவைவிட இந்தப் படம் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

உவர்ப்பு 5 முதல் 8 வரையிலான இடைப்பகுதியில் இனங்கள் மிகக் குறைவு என்று 1934இல் ரேமானே பால்டிக் கடலை வைத்துச் சொன்னதும் பலருக்குப் பாடமாக இருக்கிறது. அடிவாழ் விலங்குகளை வைத்துச் சொன்னது அது. அதே பால்டிக்கில் பிளாங்டனைப் பார்த்தவர்கள் அந்த இடைப்பகுதியில் ஒருசெல் உயிரிகளின் இனங்கள் கூடவே இருப்பதைக் கண்டார்கள். நீரோடு நகரும் உயிருக்கும், ஓரிடத்தில் உட்கார்ந்து ஓதம்தோறும் உப்பு மாறுவதைத் தாங்கும் உயிருக்கும் வாழ்க்கை ஒன்றல்ல.

நீலத்திரை:

நடுவில் ஒரு சாதாரணக் கேள்வி, மன்னிக்கவும். நான் துறைசார்ந்தவன் அல்ல. இரவில் அலை நீலமாக ஒளிர்வது நாக்டிலூகாவால் என்று படித்தேன். அது வந்தால் நீர் கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

உப்புக்கோடு:

அர்த்தம் அப்படி நேராக வராது. நாக்டிலூகா டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் ராட்சதன், ஒரு மில்லிமீட்டர் வரை, சில சமயம் அதற்கு மேலும் வளரும். வெறும் கண்ணுக்கே தெரியும். ஒளிச்சேர்க்கை செய்யாது, டயாட்டத்தையும் கையில் கிடைத்ததையும் விழுங்கும். ஆகவே அது வந்திருக்கிறது என்றால் அதற்கு முன்பே தீனி பெருகியிருக்க வேண்டும். செல்லுக்குள் அம்மோனியம் சேர்ந்திருப்பதால் நீரைவிட லேசாகி மேலே மிதக்கும். காற்று அடங்கிய நாளில் மேற்பரப்புக்கு வரும், நீரோட்டம் அதைக் கரையோரம் ஒதுக்கும். நேற்று இல்லாத இடத்தில் இன்று கோடிக்கணக்கில் நிற்பதற்கு அவை இராத்திரியோடு இராத்திரியாகப் பெருகியிருக்க வேண்டியதில்லை. பரந்து கிடந்தவை ஒன்றாக ஒதுங்கியிருக்கலாம். வெப்பக் கடல்களில் பச்சை நாக்டிலூகா ஒன்றும் உண்டு, உள்ளே ஒரு சிறு பாசியைக் குடிவைத்திருக்கும். அரபிக் கடலில் குளிர்காலத்தில் பெரும் பரப்பில் வருவது அதுதான். அது மடிந்து அழுகும்போது ஆக்சிஜன் குறையும், அம்மோனியா கூடும். மீன் சாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்.

தெற்குக்காற்று:

சரி, வெப்பநிலையை முழுக்க வெளியே தள்ளிவிட்டீர்களே. ஐரோப்பாவின் வட கடலில் கோப்பிபாடுகள் இடம்பெயர்ந்தது வெப்பநிலையால்தானே?

உப்புக்கோடு:

அதில் முழு உடன்பாடு. 1931இலிருந்து சரக்குக் கப்பல்களின் பின்னால் பிளாங்டன் பதிவுக் கருவியைக் கட்டி இழுத்துச் சேர்த்த தரவு அது. அலிஸ்டர் ஹார்டி தொடங்கி வைத்தார். நாற்பது ஆண்டுகளில் வெதுவெதுப்பான நீரின் கோப்பிபாடுகள் வடகிழக்கு அட்லாண்டிக்கில் பத்து அட்சக்கோடு அளவுக்கு வடக்கே ஏறின. வட கடலில் குளிர்நீர்க் கோப்பிபாடான கலானஸ் ஃபின்மார்கிகஸ் குறைந்து, வெதுநீர்க் கோப்பிபாடான கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் கூடியது. இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போல, ஆனால் ஆண்டில் உச்சம் தொடுவது வேறு வேறு பருவங்களில். காட் மீன் குஞ்சுக்கு வசந்தத்தில் தேவைப்பட்ட இரை இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போனது. பத்தாண்டுக் கணக்கில் பார்க்கும்போது வெப்பநிலை பெரிய ஆள். மாணவி கேட்பதோ ஓராண்டுக்குள் ஒரு கழிமுகத்தில் நடந்தது. கால அளவு மாறினால் காரணியும் மாறும்.

கழிமுகத்து மாணவி:

ஓத நாட்களைப் பார்த்தேன். அந்தப் புரியாத மாதத்தில் நான் போனது பௌர்ணமிக்கு மறுநாள். அடியில் மட்டிப் படுகையும் இருக்கிறது; கரையிலிருந்து போகும்போது படகு அதன் மேல்தான் போகிறது. உப்புக்கு எதிராக நைட்ரேட்டைப் புள்ளியிட்டதில் மழை ஓய்ந்த மாதம் கோட்டுக்கு வெகு கீழே தொங்குகிறது, வெள்ள மாதம் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

வழிகாட்டிக்கு ஒரு பெயர் வேண்டுமே, அதற்கு என்ன செய்ய? இன்னும் மூன்று மாதம் களப்பணி பாக்கி. எதை மாற்றிக்கொள்ளலாம்?

உப்புக்கோடு:

ஒரு பெயர் கொடுக்காதீர்கள். பருவத்துக்கு ஒன்று கொடுங்கள்: வெள்ளக் காலத்தில் ஒளியும் நீர் தங்கும் காலமும், மழை ஓய்ந்ததும் அடுக்கும் சத்தும், வறண்ட மாதங்களில் வெளியே சிலிகேட், உள்ளே ஓதமும் மட்டியும். கடைசி இரண்டையும் "வாய்ப்பு அதிகம்" என்ற அளவிலேயே எழுதுங்கள். ஒரு மாதத்தை வைத்து மட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. பன்னிரண்டு மாதங்களையும் ஒரே குவியலாகப் போட்டுக் கெழு எடுத்தால் ஒரு பருவத்தின் கதை இன்னொன்றின் கதையை அடித்துவிடும். மழை வந்தால் வெப்பமும் உப்பும் ஒளியும் நைட்ரேட்டும் ஒன்றாக நகர்கின்றன. பன்னிரண்டு புள்ளிகளை வைத்து எட்டுக் காரணிகளைப் பிரித்தெடுக்க எந்த மென்பொருளாலும் ஆகாது, படம் அழகாக வந்தாலும்.

களப்பணிக்கு: மூன்று மாதங்களையும் மூன்று பயணமாகச் செலவழிக்க வேண்டாம். ஒரு மழையைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் தொடர்ந்து எடுங்கள். மற்றதைப் பெரிய ஓதத்தில் ஒன்று, அடுத்த சிறிய ஓதத்தில் ஒன்று என்று ஜோடியாக வையுங்கள், இரண்டும் ஏற்றத்தின் ஒரே கட்டத்தில். மேல் நீர், அடி நீர் இரண்டின் உப்பும் வெப்பமும் வேண்டும். அடுக்கு இருந்ததா என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

சிலிகேட் மாதிரியை எப்படி வைக்கிறீர்கள்?

கழிமுகத்து மாணவி:

எல்லாச் சத்துகளையும் ஒரே புட்டியில் வடிகட்டி உறைய வைக்கிறோம்.

உப்புக்கோடு:

சிலிகேட்டுக்குத் தனிப் புட்டி, பிளாஸ்டிக்கில், உறைய வைக்காமல் குளிரில் மட்டும். உப்பு குறைந்து சிலிகேட் மிகுந்த ஆற்று நீரை உறைய வைத்தால் சிலிகேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, உருகிய உடன் அளக்கும்போது குறைவாகக் காட்டும். ஏற்கெனவே உறைய வைத்திருப்பவற்றை உருக்கிய பிறகு ஒரு நாளாவது இருட்டில் விட்டு அளந்து பாருங்கள். ஆற்று வாய்க்குள் எடுத்தவற்றை இரண்டு தடவை, வேறு வேறு நாளில். எண் ஏறிக்கொண்டே போனால் இன்னும் காத்திருங்கள். வடிகட்டவும் கண்ணாடி இழைத் தாள் வேண்டாம், அதிலிருந்தே சிலிக்கா கசியலாம். பாலிகார்பனேட் சவ்வு இருந்தால் நல்லது. வறண்ட மாதத்தில் வெளியே எடுத்த நீரில் உப்பு அதிகம், சிலிகேட் குறைவு, அதனால் நீங்கள் வகுத்த அந்த இரண்டு மாதத்து எண் பெரிதாகக் கெட்டிருக்காது. மற்றவற்றை மறுபடி அளக்கும்வரை அட்டவணையில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

ஆமைத்தீவு:

லூகால் சேர்க்கும்போது நீர் வெளிர் பழுப்பாகும் வரை மட்டும். அமிலம் கலந்த லூகால் என்றால் காக்கோலித்தோஃபோர்களின் சுண்ணாம்புத் தகடுகள் கரைந்துவிடும். ஃபார்மலின் போட்டால் ஓடில்லாத சிறு கசையுயிரிகள் வெடித்துப்போகும். எதைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு மருந்தைச் சேருங்கள். இருட்டுப் புட்டி, மாதத்துக்கு ஒருமுறை நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கழிமுகத்து மாணவி:

பாலிகார்பனேட் சவ்வு ஆய்வகத்தில் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அடுத்த மழைக்கு இரண்டு வாரம் படகு கிடைக்குமா என்பதுதான் இப்போது கேள்வி. வழிகாட்டியிடம் உப்பு-நைட்ரேட் படத்தைக் காட்டினேன். வெள்ள மாதத்தைப் பார்த்து, "அப்படியென்றால் செக்கி அளவையும் சேர்" என்றார். கிடைத்ததும் எண்களை இங்கே போடுகிறேன்.